வாசகர் கேள்வி – பதில்: உடல்நல மென்பொருள் போட்டிக்குப் போகும் முன்

உடல்நலத்தைக் கருப்பொருளாகக் கொண்ட மாணவர் மென்பொருள் வடிவமைப்புப் போட்டிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். மருத்துவரிடம் நேரம் பதிவது, மருந்து நினைவூட்டல், பரிசோதனை அறிக்கைச் சேமிப்பு, சாட்பாட், அவசர அழைப்பு எல்லாவற்றையும் ஒரே செயலியில் கொண்டுவந்தோம். முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு வேலை செய்தும் ஏன்? – மூன்றாம் ஆண்டு மாணவர்

அவ்வளவு வேலை செய்ததால்தான். ஐந்து வசதிகளும் ஏற்கெனவே தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஒரே திரையில் அடுக்கிவைத்ததில் நடுவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. ஐந்தில் எதுவும் ஆழமாக இருந்திருக்கவும் வாய்ப்பில்லை.

மைக்ரோசாஃப்டின் இமேஜின் கப் போட்டி 2003-ல் தொடங்கியது. 2006-ல் இந்தியாவில் இறுதிச்சுற்று நடந்தபோது உடல்நலமே கருப்பொருள். பின்னர் கருப்பொருள் மாறினாலும் பரிசு வாங்கியவற்றில் பல இந்தப் பக்கமே வந்தன. 2012-ல் உக்ரைன் அணி சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்தது. 2014-ல் ஆஸ்திரேலிய அணி, கண் இமையின் உட்புறத்தைப் படமெடுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று சொல்லும் செயலியைக் கொண்டுவந்தது. 2017-ல் செக் அணியின் சர்க்கரை அளவி ஒரு வங்கி அட்டை அளவுதான். 2018-ல் கனடா அணி, உள்ளங்கையில் கேமரா வைத்து, எதிரே இருக்கும் பொருளுக்கு ஏற்ப விரல்களை மடக்கும் செயற்கைக் கையைக் காட்டியது. இவை ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில், ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிடலாம். உங்கள் செயலியைச் சொல்ல ஐந்து வினைச்சொற்கள் வேண்டியிருக்கிறது.

ரத்தசோகைச் செயலியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இமைக்குள் தெரியும் சிவப்பு வெளிறியிருக்கிறதா என்று மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்ப்பதுதான். சிக்கல் ஃபோன் கேமராவில் இருக்கிறது. மஞ்சள் விளக்கில் ஒரு நிறம், ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு நிறம், போதாததற்கு ஃபோன் தானாகவே வெள்ளைச் சமநிலையையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வது) மாற்றிக்கொள்ளும். அதனால் நிறம் முன்கூட்டியே தெரிந்த ஓர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் செய்தார்கள். அட்டையின் நிறம் எவ்வளவு பிசகியிருக்கிறதோ, அதே அளவு கண்ணின் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். அச்சிட்ட ஓர் அட்டைதான் அந்த மென்பொருளை நம்பும்படி ஆக்கியது.

உங்களுக்கான வழி: யார், எந்த நேரத்தில், எதைச் செய்ய முடியாமல் திணறுகிறார் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். "முதியவர்கள்" என்று எழுதினால் போதாது. "ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் மாத்திரை சாப்பிடும், தனியாக வசிக்கும் முதியவர்" என்று வர வேண்டும். உங்கள் ஐந்து வசதிகளில், இப்படிப்பட்ட ஐந்து பேரை ஒரு வாரத்துக்குள் நேரில் பார்த்துவிட முடியும் என்பது எதற்கோ, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கையும் "அடுத்த கட்டம்" என்ற ஸ்லைடில்கூடப் போட வேண்டாம்.

கேள்வி: நீரிழிவைக் கணிக்கும் எங்கள் இயந்திரக் கற்றல் மாடல் 94 சதவீதத் துல்லியம் தருகிறது. பிமா என்ற, பொதுவில் கிடைக்கும் நீரிழிவுத் தரவுத்தொகுப்பைப் பயன்படுத்தினோம். ஒரு நடுவர் "இந்த எண்ணை நான் நம்பவில்லை" என்றார். கணக்கைக் காட்டியும் ஏற்கவில்லை. – இரண்டாம் ஆண்டு மாணவி

நடுவர் சொன்னது சரி. அந்தத் தொகுப்பைத் தெரிந்தவர்களுக்கு 80-ஐத் தாண்டியதுமே சந்தேகம் வந்துவிடும்.

மொத்தம் 768 பேர். அதில் நீரிழிவு இல்லாதவர்கள் 500, உள்ளவர்கள் 268. எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் "இல்லை" என்று சொல்லும் ஒரு வரி நிரலே 65 சதவீதம் வாங்கிவிடும். உங்கள் எண்ணை 0-விலிருந்து பார்க்காமல் அந்த 65-லிருந்து பாருங்கள்.

அடுத்து, பூஜ்யங்கள். இன்சுலின் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) 374 பேருக்கு 0 என்று இருக்கும். தோல் மடிப்புத் தடிமனில் 227, ரத்த அழுத்தத்தில் 35. ரத்த அழுத்தம் பூஜ்யமாக உள்ள ஒருவர் படிவம் நிரப்ப வந்திருக்க முடியாது. அவை அளக்காமல் விட்ட இடங்கள். கர்ப்பங்களின் எண்ணிக்கையில் வரும் 0 மட்டும் உண்மையான 0. எல்லாப் பத்திகளையும் ஒரே மாதிரி துடைத்துவிடாதீர்கள்.

இந்த விடுபட்ட இடங்களை நிரப்பும்போதுதான் 94 பிறக்கிறது. இணையத்தில் பரவலாக நகலெடுக்கப்படும் ஒரு முறை உண்டு: நீரிழிவு உள்ளவர்களின் நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) தனியாகவும், இல்லாதவர்களின் நடுமதிப்பைத் தனியாகவும் எடுத்து, அந்தந்தப் பிரிவில் நிரப்புவது. இன்சுலினுக்கு அப்படிச் செய்தால் இல்லாதவர்களுக்கு 102.5, உள்ளவர்களுக்கு 169.5 வரும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த இரண்டில் ஒன்று விழுந்துவிடும். பிறகு மாடல் எதைக் கற்கும்? "169.5 என்று கண்டால் நீரிழிவு." விடையைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்த கதை. உங்கள் நிரலில் நிரப்பும் வரியில் விடைப் பத்தியின் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வந்தால் அதுதான் காரணம். வராவிட்டால், குறைவாக உள்ள பிரிவின் வரிசைகளைப் பெருக்கிவிட்டு அதன்பின் பயிற்சி, சோதனை என்று பிரித்தீர்களா பாருங்கள்; அப்படிச் செய்தாலும் பயிற்சியில் கண்ட வரிசைகளின் சாயலே சோதனையிலும் வந்து நிற்கும். முதலில் பிரியுங்கள். நிரப்பும் மதிப்பைப் பயிற்சிப் பகுதியிலிருந்து மட்டும், விடையைப் பார்க்காமல் கணக்கிட்டு, அதையே சோதனைப் பகுதிக்கும் போடுங்கள். எண் எழுபதுகளுக்கு இறங்கும். அதைக் கூசாமல் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் இருப்பவர்கள் அனைவரும் 21 அல்லது அதற்கு மேல் வயதான, பிமா என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண்கள். உங்கள் செயலியில் ஆண் ஒருவர் வந்தால் கர்ப்பங்களின் எண்ணிக்கைக்கு என்ன நிரப்புவார்? அதில் உள்ள குளுக்கோஸ் அளவும் சாதாரணமாக எடுத்ததல்ல. குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் இருந்த அளவு. இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவருக்கு முடிவை ஆய்வகமே சொல்லிவிடும். 200 மி.கி./டெ.லி. (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் என்றால் அது நீரிழிவுக்கான வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருப்பவரோ அந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. உங்கள் பயனர் கையில் உண்மையாகவே என்னென்ன எண்கள் இருக்கும் என்று பட்டியல் போடுங்கள்: வயது, எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா. அவற்றை வைத்துச் செய்ய முடிகிற கணிப்பே உங்கள் கணிப்பு.

இன்னொரு கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை. நூற்றில் ஒருவருக்கு வரும் நோய். 1,000 பேரைச் சோதித்தால் நோயுள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். இல்லாத 990 பேரில் 99 பேரும் சேர்ந்து பிடிபடுவார்கள். எச்சரிக்கை போனது 108 பேருக்கு, நோய் இருப்பது 9 பேருக்கு. மீதி 99 பேருக்கு உங்கள் திரை என்ன சொல்லும் என்பதை நடுவர் கட்டாயம் கேட்பார்.

கேள்வி: "நோயைக் கண்டறியும் செயலி" என்று போட்டால் தவறா?

சோதித்து நிரூபிக்காதவரை அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். நோயைக் கண்டறிவதற்கென்று அறிவிக்கப்படும் மென்பொருள், அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மருத்துவச் சாதனமாகவே கணக்கில் வரக்கூடும். பயன்பாடு இன்னதென்று நீங்கள் எழுதும் வாக்கியமே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. "மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கலாம்" என்று சொல்லும் கருவி வேறு, "உங்களுக்கு இந்த நோய்" என்று சொல்வது வேறு. சிறிய எழுத்தில் ஒரு பொறுப்புத் துறப்பைப் போட்டு, பெரிய எழுத்தில் நோயின் பெயரைக் காட்டினால் நடுவர்கள் பெரிய எழுத்தைத்தான் படிப்பார்கள்.

கேள்வி: மாத்திரை நினைவூட்டும் செயலி. எங்கள் ஃபோன்களில் நன்றாக வேலை செய்தது. பத்துப் பேரிடம் கொடுத்தோம், பாதிப் பேருக்கு மணி அடிக்கவே இல்லை. நிரலில் பிழை தெரியவில்லை. – முதலாம் ஆண்டு அணி

நிரலில் பிழை இல்லாமலேயே இது நடக்கும். நீங்கள் சோதித்த ஃபோன்கள் கணினியோடு கேபிளில் செருகி, சார்ஜ் ஏறிக்கொண்டு, திரை விழித்திருந்தவை. பயனரின் ஃபோன் இரவு முழுக்க மேசையில் அசையாமல் கிடந்தது.

ஆண்ட்ராய்டு 6-லிருந்து, சார்ஜில் இல்லாமல் அசைவின்றிக் கிடக்கும் ஃபோன் டோஸ் என்ற உறக்க நிலைக்குப் போகிறது. சாதாரண அலாரங்கள் அப்போது தள்ளிப்போகும். காலை 6 மணி மாத்திரை, அவர் ஃபோனைக் கையிலெடுக்கும்போதுதான் ஒலிக்கக்கூடும். டோஸ் நிலையிலும் ஒலிக்கக்கூடிய துல்லிய அலாரம் தனியாக உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 12-லிருந்து அதற்கு அனுமதி வேண்டும். 14-ல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தொடக்கத்திலேயே மறுக்கப்பட்டிருக்கும், பயனர் அமைப்புகளுக்குப் போய் இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷன் காட்டவும் பயனரிடம் கேட்டாக வேண்டும். செயலியைத் திறந்ததும் கேட்டால் பலர் யோசிக்காமல் மறுத்துவிடுவார்கள். முதல் மருந்தைப் பதிவு செய்து முடித்த கையோடு கேளுங்கள். காரணம் அப்போதுதான் கண்ணெதிரே இருக்கும்.

ஃபோனை அணைத்துப் போட்டால் வைத்திருந்த அலாரங்கள் அத்தனையும் அழிந்துவிடும். ஃபோன் எழுந்ததும் அவற்றை மறுபடி வைக்க நிரலில் இடம் வேண்டும். சில தயாரிப்பாளர்களின் ஃபோன்களில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணிச் செயலிகளை மூடிவிடும் வழக்கமும் இருக்கிறது. எனவே உங்கள் பத்துப் பேரையும் மறுபடி அழைத்து ஃபோன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மணி அடித்ததா, எத்தனை நிமிடம் தாமதம் என்று நான்கு பத்தி கொண்ட அட்டவணையாக எழுதுங்கள். அரை மணி நேர வேலை. மேடையில் அந்த அட்டவணையை விடப் பலமான ஸ்லைடு உங்களிடம் இருக்காது.

மருத்துவப் பக்கத்திலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. காலை மாத்திரையைத் தவறவிட்டவருக்கு மதியம் இரண்டு மணிக்குத் திரை என்ன காட்டும்? உடனே சாப்பிடச் சொல்வதா, அடுத்த வேளைக்கு விடுவதா என்பது மருந்துக்கு மருந்து மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே விதி எழுதாதீர்கள். தவறிய வேளையைப் பதிவு செய்து, அந்த மருந்தின் அறிவுறுத்தலை அல்லது மருந்தாளுநரைப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்துங்கள். இரட்டை வேளை விழுவதைத் தடுப்பது இன்னும் முக்கியம். "சாப்பிட்டேன்" பொத்தானை அழுத்தியதும் அது நேரத்தோடு "8.05-க்குச் சாப்பிட்டீர்கள்" என்று மாறி அங்கேயே நிற்கட்டும். மறைந்துவிட்டால், சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இன்னொரு மாத்திரை உள்ளே போகும்.

கேள்வி: அணியில் மருத்துவ மாணவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா?

இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், போட்டி விதிமுறை தடுக்காதவரை கவலை வேண்டாம். ஆனால் மூன்று முறை ஒரு மருத்துவரோ செவிலியரோ இதைப் பார்த்திருக்க வேண்டும்: நிரல் எழுதத் தொடங்கும் முன், முதல் திரைகள் காகிதத்தில் இருக்கும்போது, சமர்ப்பிப்பதற்கு ஒரு வாரம் முன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். "இந்த எண் உங்கள் முன் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஒன்றும் செய்ய மாட்டேன்" என்று பதில் வந்தால் அந்தத் திரையைத் தூக்கிவிடலாம். செவிலியர்களை மறக்காதீர்கள், எண்களைப் பதிவு செய்வது பெரும்பாலும் அவர்கள் கைதான்.

கேள்வி: உண்மையான நோயாளிகளின் தரவு கிடைப்பதில்லை. நண்பர் ஒருவர் மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டுத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – முதுநிலை மாணவர்

வாங்காதீர்கள். பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடாது. பிறந்த தேதியும் வசிக்கும் பகுதியும் சேர்க்கப்பட்ட தேதியும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவில் நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா விதிகளில் இப்படி நீக்க வேண்டிய அடையாளங்கள் என்று 18 வகை இருக்கின்றன. பெயர் அதில் ஒன்றே ஒன்று.

டெமோவுக்கு சிந்தியா என்ற இலவசக் கருவி போதும். பிறப்பிலிருந்து நோய், மருந்து, பரிசோதனை வரை கற்பனை நோயாளிகளின் முழு வரலாற்றையும் அது உருவாக்கித் தரும், ஃபயர் என்ற மருத்துவத் தரவுப் பரிமாற்ற வடிவத்திலேயே. உண்மையான தீவிர சிகிச்சைப் பிரிவுத் தரவு வேண்டுமென்றால் ஃபிசியோநெட் தளத்தில் உள்ள மிமிக் தொகுப்பு. முழுத் தொகுப்புக்குப் பயிற்சிச் சான்றும் ஒப்பந்தமும் தேவை, நாள் பிடிக்கும். 100 நோயாளிகள் கொண்ட மாதிரித் தொகுப்பு உடனே கிடைக்கும். ஒன்று மட்டும்: சிந்தியாவின் நோயாளிகளை வைத்து ஒரு மாடலைப் பயிற்றுவித்துத் துல்லியம் சொல்லாதீர்கள். அந்தக் கருவி எழுதிவைத்த விதிகளை உங்கள் மாடல் திரும்பக் கண்டுபிடித்தது என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை.

தரவைச் சேமிக்கும்போது எண்ணோடு அலகையும் சேர்த்தே வையுங்கள். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் மி.கி./டெ.லி. என்றும் சில நாடுகளில் மில்லிமோல்/லிட்டர் என்றும் சொல்வார்கள். இடையில் 18 மடங்கு. 5.5 மில்லிமோல் என்பது 99 மி.கி.; இயல்பான அளவு. அலகு கேட்காத கட்டத்தில் ஒருவர் 5.5 என்று தட்டினால் உங்கள் செயலி ஆம்புலன்ஸைக் கூப்பிடும். ரத்த அழுத்தத்துக்குச் சொந்தமாகப் பெயர் சூட்டாமல், மருத்துவ அளவீடுகளுக்கான பொதுவான லாய்ன்க் குறியீடுகளை இடுங்கள்: மேல் அளவுக்கு 8480-6, கீழ் அளவுக்கு 8462-4, இதயத்துடிப்புக்கு 8867-4. இந்த மூன்று எண்களைத் திரையில் கண்டாலே, வேறு அமைப்புகளோடு இணைவதைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள் என்று நடுவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: ஃபோன் கேமராவில் விரலை வைத்து இதயத்துடிப்பு அளக்கிறோம். அளவு 72, 78, 84 என்று தாவித்தாவி வருகிறது. நடுவில் எதுவுமே வருவதில்லையே?

எண்களைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது: ஆறு ஆறாகத் தாவுகிறது. நீங்கள் 10 விநாடி வீடியோவை எடுத்து ஃபூரியே மாற்றம் (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) செய்கிறீர்கள். 10 விநாடித் துண்டில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அதிர்வெண் இடைவெளி 0.1 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 6 துடிப்பு. 30 விநாடி எடுத்தால் இடைவெளி 2 ஆகும். அவ்வளவு நேரம் விரலை வைக்கப் பயனருக்குப் பொறுமை இல்லையென்றால், அலையின் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே உள்ள நேரத்தை அளந்து சராசரி எடுங்கள். முன்னதாக 0.7 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டுங்கள். நிமிடத்துக்கு 42 முதல் 240 வரை அதில் அடங்கும்.

கேமராவின் தானியங்கி வெளிச்ச அமைப்பைப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் ரத்தம் ஏறும்போது வரும், நீங்கள் தேடும் மெல்லிய மங்கலையே அது "சரிசெய்துவிடும்". விரலை அழுத்தினால் ரத்தம் ஒதுங்கி அலை காணாமல் போகும், "மெதுவாக வையுங்கள்" என்று திரையில் எழுத வேண்டும். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவிநாடி. இதை வைத்து மன அழுத்தத்தை அளக்கிறோம் என்று துடிப்புகளுக்கு இடையிலான நுண்ணிய மாறுபாட்டில் இறங்கிவிடாதீர்கள். பல தோல் நிறங்களில் சோதித்தீர்களா என்ற கேள்வியும் நிச்சயம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியே கருந்தோல் நோயாளிகளிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் தவறவிட்டதாக 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கேமராவும் வெளிச்சத்தை நம்பியே இருக்கிறது.

கேள்வி: எத்தனை பேரிடம் சோதித்தால் போதும்?

எதற்காக என்பதைப் பொறுத்தது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும், திருத்திவிட்டு இன்னொரு ஐந்து பேர். ஆனால் "80 சதவீதம் பேர் விரும்பினர்" என்று ஐந்து பேரை வைத்து எழுதினால் சிரிப்பார்கள். அது நான்கு பேர். கையில் ஃபோனைக் கொடுத்து, "நேற்று இரவு எடுத்த அளவைக் கண்டுபிடியுங்கள்" என்று ஒரு வேலை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அணியில் ஒருவர் உதவிக்கு விரலை நீட்டிய கணமே அந்தச் சோதனை முடிந்தது. மதிப்பெண் வேண்டுமென்றால், பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் எஸ்.யூ.எஸ். என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் விடை 1 முதல் 5 வரை. ஒற்றைப்படைக் கேள்விகளின் விடையிலிருந்து 1-ஐக் கழித்து, இரட்டைப்படை விடைகளை 5-லிருந்து கழித்து, மொத்தத்தை 2.5-ஆல் பெருக்க வேண்டும். 100-க்கு வரும் இந்த எண் சதவீதம் அல்ல. பொதுவாக 68-ஐச் சராசரி என்பார்கள்.

கேள்வி: டெமோ அன்று அரங்கின் வைஃபை காலை வாரிவிட்டது. இனி எப்படித் தப்பிப்பது? – கடந்த ஆண்டு தோற்ற அணி

அரங்க வைஃபை எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் காலை வாரும். சர்வரை மடிக்கணினியிலேயே ஓட்டுங்கள். மடிக்கணினியும் ஃபோனும் உங்கள் சொந்த ஹாட்ஸ்பாட்டில் இருக்கட்டும். மாடலின் விடை வெளியிலிருந்து வருகிறதென்றால், டெமோவில் காட்டப்போகும் மூன்று படங்களுக்கான விடையை முன்பே சேமித்து வைத்துக்கொண்டு, அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டு நிமிடப் பதிவு ஒன்று மடிக்கணினியின் வட்டில் இருக்க வேண்டும், கிளவுடில் இருந்து பயனில்லை. மேடையில் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள், நோயாளியின் விவரம் முன்பே நிரம்பியிருக்கட்டும். ஃபோனில் நோட்டிஃபிகேஷன்களை நிறுத்தி, திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்கு மாற்றி, வெளிச்சத்தை முழுக்க வையுங்கள்.

பேசுபவர் ஒருவர், ஃபோனை இயக்குபவர் ஒருவர், மூன்றாமவர் கையில் மாற்று ஃபோன். நான்காமவர் நடுவர்களின் கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும். அடுத்த சுற்றில் பெரும்பாலும் அதே கேள்விகள்தான் வேறு வாயிலிருந்து வரும்.